பன்னிரண்டுக்குக் கீழே

சேரம்பாடி ஆஸ்பத்திரியில் ஆய்வகம் என்பது
ஒரு மேசை, ஒரு ஜன்னல்,
கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடிக்கும்
பழைய மைக்ராஸ்கோப்.
ஜூனில் மஞ்சு கட்டிவிட்டால்
பதினொரு மணி வரை
யாருடைய ரத்தமும் தெரியாது.
பெஞ்சில் காத்திருக்கிறார்கள்,
குத்திய விரலில் பஞ்சை அழுத்தியபடி.

ஞானசௌந்தரி நிறுவைக் கொட்டகையிலிருந்து நேரே வந்தவள்.
இருபத்தெட்டு கிலோ கொழுந்து நிறுத்தாயிற்று;
இனி அவளை நிறுக்க வேண்டும்.
"ஏழரை" என்றேன்.
"சனியா மிஸ்?"
பெஞ்சே சிரித்தது.
பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டிய இடத்தில்
ஏழரை, என்று விளக்கினேன்.
"கிராமுக்கெல்லாம் எங்க கங்காணி கணக்கு வைக்கிறதில்ல."

நகங்கள் கரண்டிபோல் குழிந்திருந்தன.
மழையில் கிள்ளும்போது
ஒவ்வொரு நகத்திலும் ஒரு துளி நிற்குமாம்.
என்ன தின்கிறாய் என்று கேட்டேன், மெல்ல.
சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
லயத்துச் சுவரில் சாரலடித்த இடத்து மண்.
"அந்த வாசம் இருக்கே..."

லென்ஸுக்குள் அவள் அணுக்கள்
சிறுத்து, வெளிறி, நடுவில் ஒன்றுமில்லாமல் —
மாவு போதாத வீட்டில்
ஆறு பேருக்கு வார்த்த தோசை.

மாத்திரை கொடுத்தோம்.
மலம் கறுக்கும், பயப்படாதே.
டீயோடு விழுங்காதே,
இரும்பை டீ பிடித்து வைத்துக்கொள்ளும்.
பதினெட்டு வருஷம் தேயிலை கிள்ளியவளிடம்
இதைச் சொல்ல எனக்குத்தான் தொண்டை அடைத்தது.
"அது எதத்தான் விட்டுச்சு" என்றாள்.

தபால்காரர் லிங்கனுக்கு எல்லாம் தலைகீழ்.
அணுக்கள் பெரியவை, கொழுத்தவை,
எண்ணிக்கைதான் இல்லை.
மனைவி போனபின் மூன்று வேளையும்
கட்டன்சாயாவும் வர்க்கியும்.
நாக்கு மழுங்கி வழவழத்துவிட்டது.
எல்லா எஸ்டேட் படிகளையும் காலால் படித்தவர்
இன்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்
பாதம் தரையில் இருக்கிறது என்று.
ஊசி போடுவோம்.
உணர்வு திரும்பி வரும், முகவரி தப்பிய கடிதம்போல.
சில கடிதங்கள் வருவதில்லை,
அது அவருக்கே தெரியும்.

நஞ்சனின் ஸ்லைடை இரண்டு முறை பார்த்தேன்.
குளிர் இறங்கிய ராத்திரி,
பாடியிலிருந்து போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள்.
எலும்புக்குள் ஆரோ நின்று மரம் அறுக்கிறான் என்றான்.
வட்டமாய் இருக்க வேண்டியவற்றுள் சில
வளைந்து, முனை கூர்ந்து.
"எது மாதிரி?" என்று கேட்டான்.
பிறை மாதிரி என்று சொல்லியிருக்கலாம்.
அரிவாள் என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அப்பனும் அப்பனுக்கப்பனும் அறுத்ததெல்லாம்
அடுத்தவன் வயலு.
எங்களுக்குன்னு ஒரு அரிவாள் இப்பத்தான்.
அதுவும் உள்ளே."

அப்பனிடமிருந்து பாதி, அம்மையிடமிருந்து பாதி.
ஒரு பாதி மட்டும் வந்தால் பெரிதாய் ஒன்றுமில்லை;
மலைக்காய்ச்சல் குடிசை குடிசையாய்
வாரிக்கொண்டு போன காலத்தில்
அந்தப் பாதிதான் வேலி.
இரண்டு பாதியும் ஒரே பிள்ளையில் சேர்ந்தால்
வேலி பயிரை மேய்கிறது.
இவனுக்கு ஞானசௌந்தரியின் மாத்திரை உதவாது.
நிறையத் தண்ணீர், ஒரு கம்பளி, தினம் ஒரு காப்சூல்.
கம்பளிக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுத முடியாது.
என்னுடையதைக் கொடுத்தேன் என்று எழுத ஆசை.
கொடுக்கவில்லை. எனக்கும் குளிர்ந்தது.

பதிவேட்டில் மூவருக்கும் ஒரே கட்டம்,
ஒரே சொல்: சோகை.
கரும்பில் காய்ந்து தொங்கும் இலைக்கும்
அதே பெயர்தான் எங்கள் கீழ்நாட்டில்.

செப்டம்பரில் ஞானசௌந்தரி வந்தாள்.
ஜன்னலில் வேண்டிய மட்டும் வெளிச்சம்.
ஒன்பது புள்ளி ஒன்று.
"அப்ப ஏழரை விட்டுருச்சா?"
விட்டுவிட்டது என்றேன்.
கிளம்பியவள் வாசலில் நின்றாள்.
"அந்தச் சுவரு
இப்ப வெறும் மண்ணாத்தான் மணக்குது மிஸ்",
ஏதோ கைவிட்டுப் போனவள் மாதிரி.