கழிவு

கொழுந்து நிறுக்கிற இடத்தில்
கூடைக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ,
கணக்குப்பிள்ளையின் மனம்போல இன்னும் அரை.
கழிவு என்றால் எங்களுக்கு இதுதான்.
இதற்குச் சண்டை பிடிப்போம்,
யூனியன்வரை போவோம்.

என் உடம்பில் ஒன்பது கிலோ கழிந்தது
ஒரே வருசத்தில்.
ஒருத்தரும் தராசை உதைக்கவில்லை.
"மெலிஞ்சு அழகாயிட்டே புஸ்பவதி" என்றார்கள்.
நானும் சட்டையை உள்பக்கம் பிடித்துத்
தைத்துப் போட்டுக்கொண்டேன்.

மற்றக் கழிவைப் பற்றி யார் பேசுவது?
ஏழாம் நம்பர் மலையில் கக்கூஸ் கிடையாது,
அடக்கத் தெரிந்தவள் கெட்டிக்காரி.
லயத்துக் கோடியில் இருப்பதோ
எட்டுக் காம்பராவுக்கு ஒன்று.
கதவுக்கு உரச்சாக்கு.
விளக்கில்லை.
விடியுமுன் போய் விடியுமுன் திரும்புகிறவள்
எதைக் கண்டாள்?
ஒரு வாளித் தண்ணீர்
எல்லா நிறத்தையும் இருட்டோடு கொண்டுபோய்விடும்.

கண்டது ஒரு போயா நாள் பகலில்.
பீட்ரூட் தின்றேனோ என்று யோசித்தேன்.
மூன்று நாளாய் வீட்டில் ரொட்டியும் சம்பலும்தான்.

சூடு என்றேன். மூலம் என்றேன்.
வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன்.
நாற்பத்தொன்பது வயது,
தீட்டு நிற்கிற காலம்,
அதுதான் வழி தெரியாமல் வருகிறது
என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
தோட்டத்து டிஸ்பென்சரியில்
கண் இமையை இழுத்துப் பார்த்து
"ரத்தம் குறைவு" என்று குளிசை தந்தார்கள்.
எங்கே போகிறது என்று அவர்கள் கேட்கவில்லை,
நான் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் வயிறு முறுக்கி
நிரையிலிருந்து கானுக்குள் விழுந்தேன்.
கொழுந்து லொறியில் ஏற்றிப்
பதுளை பெரியாஸ்பத்திரி.

சின்ன வயசு டாக்டர் பிள்ளை.
அவளுக்குத் தமிழ் வராது,
எனக்குச் சிங்களம் கடைக்குப் போகுமளவு.
எத்தனை நாளாய் என்று விரல் மடக்கிக் கேட்டாள்.
வாய் திறந்தேன்.
"லே" என்றேன்.

அவ்வளவுதான்.
பதினோரு மாதம் வராத சொல்
ஓரெழுத்தில் வந்தது.
தமிழில் அந்தச் சொல்லைச் சுற்றி
என் அப்பா நின்றார், புருசன் நின்றான்,
மாரியம்மன்கூட நின்றாள்.
சிங்களத்தில் அதைச் சுற்றி ஒருவருமில்லை.

விரல் தடிப்பில் ஒரு குழாய்,
நுனியில் விளக்கு.
எங்கள் கக்கூசுக்கு வராத வெளிச்சம்
என் குடலுக்குள் போய்ப் பார்த்தது.
சின்னதாய்த் தொடங்கிப் பல வருசம் இருந்திருக்குமாம்.
அப்போதே கண்டிருந்தால்
கிள்ளியெடுத்திருக்கலாமாம், இரண்டு இலையும் மொட்டும்போல.
அந்த வேலை எனக்குத் தெரியாதா?
இப்போது கவ்வாத்துக் கத்தி.
ஒரு சாண் போனது.
ஏழு மாதம் வயிற்றில் ஒரு பை.
முதுகில் சுமந்தவளுக்கு
முன்னால் ஒன்று, அதற்கென்ன.

ஓட்டுக் கேட்க ஆள் வந்தபோது
ஒருத்தர் ரோட்டுக் கேட்டார், ஒருத்தர் கூரைத் தகரம்.
நான் எழும்பி
கக்கூசுக்கு ஒரு பல்ப் என்றேன்.
சிரித்தார்கள்.
"போனால் திரும்பிப் பாருங்கள்,
சிவப்போ தார்க்கறுப்போ கண்டால்,
போக்கு மாறி மூணு வாரம் நின்றால்,
என்னைப்போல் வெந்தயம் குடிக்காதீர்கள்" என்றேன்.
கூட்டம் தரையைப் பார்த்தது.
தவமணி மட்டும் என்னைப் பார்த்தாள்.

பல்ப் அவர்கள் தரவில்லை.
மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து மாட்டினான்.

நேற்று ராத்திரி மழை.
யாரோ தகரத்தில் தட்டினார்கள்.
கவ்வாத்துக்காரன் மருதவீரன்,
கங்காணியையே எதிர்த்துப் பேசுகிறவன்,
வாசலுக்கு வெளியே நனைந்துகொண்டு
காலைப் பார்த்து நின்றான்.
"அக்கா" என்றான்.
பிறகு கொஞ்ச நேரம் மழை மட்டும்.
பிறகு
"லே" என்றான்.

தமிழில் சொல்லடா என்று நான் கேட்கவில்லை.
துவாயைக் கொடுத்தேன்.
பதுளைக்கு முதல் பஸ்
ஐந்தே முக்காலுக்கு.