ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு

கம்பெனியின் பெயரை இங்கே எழுதமாட்டேன்.
முற்றத்தில் இன்னும் நாலு நிற்கின்றன.
ஒன்றுக்கு லீசிங் பேச்சு பாதியில் இருக்கிறது.

டிக்கோயா ரோட்டில், பெட்ரோல் செட்டுக்கு எதிரே
பத்தொன்பது வருடம்
ஒரே வசனத்தில் வியாபாரம் செய்தவன் நான்:
"கண்ண மூடிட்டு எடுங்க."

அப்போது அது பொய்யில்லை.
தொண்ணூற்றாறாம் ஆண்டு மொடல் ஒன்று,
கல்யாண வீட்டார் எட்டுப் பேர், பின்னால் பலகாரக் கூடைகள்,
பொகவந்தலாவைக்கு ரெண்டாவது கியரில்
முணுமுணுக்காமல் ஏறும்.
கதவு சாத்துகிற சத்தத்தை வைத்தே
வருடம் சொல்லிவிடுவேன்.
பியதிலக்க பாஸ் தலையில் கை வைப்பார்:
"எல்லாரும் இதையே வாங்கினா
எங்க வீட்டு அடுப்பு எரியாது, முதலாளி."

முதல் கியர்பொக்ஸ் போனபோது
ஓட்டியவனைக் குறை சொன்னேன்.
புதுக் காசு, புது லைசன்ஸ்,
பிரேக்கில் ஒரு கால் வைத்தபடியே ஏறியிருப்பான்.
இரண்டாவதுக்கு, ஒயில்.
மூன்றாவதுக்கு, பெட்ரோல்.
வரிசையில் படுத்துக் கிடந்து வாங்கிய காலத்துப் பெட்ரோல்;
அதைக் குறை சொன்னால் எவரும் மறுக்கமாட்டார்கள்.
என் தம்பிக்காகப் பொலிஸில் பிணை நின்றதுகூட
ஒரு தடவைதான்.

நான்காவது, புளியாவத்தை யோகராணி டீச்சருடையது.
கராஜ் பில்லை மேசையில் வைத்தார்.
"நீங்க சொன்னீங்கன்னுதானே" என்று
அவர் சொல்லவில்லை.
பிளேன்டீ குடித்தார்.
மகனுக்குக் கணக்கில் சி வந்ததைச் சொன்னார்.
பில்லை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்தக் கிழமையே
கண்டியிலிருந்து ஒன்றை நானே ஓட்டிவந்தேன்.
ஒரே கை. டாக்டரம்மா பாவித்தது. கீறல் இல்லை.
விளம்பர வரிகளைப் பேராதனை தாண்டுமுன்
மனசுக்குள் எழுதி முடித்தாயிற்று.
கினிகத்தேனைக்குப் பிறகு மழை.
தியகல வளைவில் மஞ்சள் விளக்கு.
எஞ்சின் கத்துகிறது, சக்கரத்துக்குக் காது கேட்கவில்லை.
எரிந்து மணப்பது எதுவென்று
தெரியாதவன் மாதிரிக் கொஞ்ச நேரம்
உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

கயிறு கட்டி இழுத்தது எது தெரியுமா,
தகர டின் என்று சொல்லிச் சொல்லி
எத்தனையோ பேரை நான் திருப்பிவிட்ட
அந்த இன்னொரு கம்பெனியின் வேன்.
பேலியகொடையில் கோவா இறக்கிவிட்டு வந்த பையன்,
என் சேலின் பெயர் தெரிந்தவன்,
ஒன்றும் கேட்கவில்லை.
அட்டன்வரை
அவனுடைய சேறு தெறித்த பின்கதவைப் பார்த்தபடி வந்தேன்.
டீசல் காசு கொடுத்தேன்.
பாதியைத் திருப்பித் தந்தான்.

இன்று காலை நோர்வூட்டிலிருந்து ஒரு சோடி.
அவன் கட்டாரிலிருந்து வந்து பத்து நாள்.
அவள் பொனட் முத்திரையில் படிந்திருந்த பனியை
விரலால் துடைத்துவிட்டுக் கேட்டாள்:
"இந்தக் கம்பெனிய நம்பலாந்தானே அண்ணே?"

வாய் பழக்கத்தில் திறந்தது.
"கண்ண" வரைக்கும் வந்தது.
சாவியை நீட்டினேன்.
"கொட்டகலைப் பக்கம் ஒரு சுத்து போயிட்டு வாங்க.
நாலு பேரா ஏறுங்க, ஏசியப் போடுங்க,
ஏத்தத்துல நிப்பாட்டி நிப்பாட்டி எடுங்க.
வேணும்னா பியதிலக்க பாஸையும் கூட்டிட்டுப் போங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
விற்கிறவன் இப்படிப் பேசினால்
வண்டியில் என்னமோ இருக்கிறது.
சாவி என் கையிலேயே இருக்க
பக்கத்து சேலுக்கு நடந்தார்கள்.

நடுவில் ஒரு தகர வேலிதான்.
அவன் சொல்வது கேட்டது,
கொஞ்சம் சிங்கள இழுப்போடு,
என் வசனம்.