படம் பிடித்தல்

எட்டாவது தரமும் எனக்குத் தாய் வேசம்தான்.
"அக்கா, படத்தை நெஞ்சோட பிடியுங்கோ,
கண்ணாடியில வெளிச்சம் தெறிக்குது,
கொஞ்சம் சரிச்சு."
சரிக்கிறன்.
கறுப்பு வெள்ளை. அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பிச்சிருக்கினம்.
பத்தொன்பது வயசிருக்கும், நடு உச்சி,
கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டின சேட்டு.
ஆர் பெத்த பிள்ளையோ.
"அழுங்கோ" எண்டான்.
அழுதன்.

எழுபத்தெட்டில நான் கசூரினாக் கரையில ஓடினனான்.
சிவப்புச் சேலை.
நாலு தரம் ஓட, நாலு தரமும்
ஒரு நாய் குறுக்கால வந்தது.
பிலிம் முடியுதெண்டு
நாயோடயே விட்டிட்டினம்.
கஸ்தூரியார் வீதியில பதினொரு நாள் ஓடினது.
கடைசிக் காட்சிக்கு அண்ணன்
வாடியில இருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனவன்.
நான் வரேக்க ஒருத்தரும் விசிலடிக்கேல்லை எண்டு
வாசலில சண்டை.
எண்பத்திமூண்டில, கொழும்பில, பெட்டி எரிஞ்சது.
வேற பிரதி இல்லை.
எரியேக்க நானும் அந்த நாயும்
ஓடிக்கொண்டுதான் எரிஞ்சிருப்பம்.

கொழும்பு நாடகங்களில நான்
பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பொம்பிளை.
பொட்டைப் பெரிசா வைக்கச் சொன்னவை.
நான் வேதக்காரி எண்டன்.
இன்னும் பெரிசா வைச்சினம்.

பேந்து சென்னை. வளசரவாக்கத்தில மொட்டை மாடி அறை,
மூண்டு வருசம் சம்பந்தி வீட்டுச் சித்தி.
வாயை மட்டும் அசைக்க வேணும்.
குரல் திருவாரூர்ப் பக்கம், வேதநாயகி எண்டொருத்தி.
"ஏனப்பா இப்பிடிச் செய்யிறியள்" எண்டு நான் கேட்க,
ரீவியில நான்
"ஏங்க இப்படிப் பண்றீங்க" எண்டு கேட்டன்.
பாசையூரில இருந்து அம்மா கடிதம் போட்டவ:
"ஆரோ உனக்குள்ள இருந்து கதைக்கினம் பிள்ளை,
அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து."
வேதநாயகியை ஒருக்கால்தான் கண்டனான்.
"நீங்க ரொம்ப நேரம் அழறீங்கம்மா,
எனக்கு மூச்சு வாங்குது" எண்டாள்.

அண்ணன் தொண்ணூறில கடலுக்குப் போனவன்.
படம் எடுக்கிறதெண்டால் வெக்கம் அவனுக்கு,
கலியாண வீடுகளிலயும் கமராவைக் கண்டால்
கிணத்தடிக்குப் போயிடுவான்.
வீட்டில ஒண்டும் இல்லை.

அந்தச் சனங்களோட நானும் ஒருநாள்
றோட்டுக்கரைக் கொட்டகையில போய் இருந்தன்.
எல்லாற்ற மடியிலயும் ஒரு சட்டம்.
பேப்பர்க்காரப் பெடியன் என்னை அடையாளம் கண்டிட்டான்.
"என்ன படம், அக்கா?" எண்டான்.
நான் என்ர கையைப் பாத்தன்.
எழும்பி வந்திட்டன்.

இது வெளியாகி ரெண்டாம் கிழமை, சாமத்தில,
கனடாவில இருந்து ஒரு கோல்.
"அன்ரி, நான்தான் அந்தப் பெடியன்."
எந்தப் பெடியன்?
"நீங்கள் பிடிச்சு அழுதது."
கலைக்குப் பொறுப்பா நிண்டவன்ர ஒண்டுவிட்ட தமையனாம்.
கேக்காமல் ஏதோ பெட்டிக்குள்ள இருந்து உருவியிருக்கிறான்.
இப்ப நாப்பத்தாறு வயசு, ட்றக் ஓடுறான்,
உச்சி பிரிக்க மயிர் இல்லையாம்.
பகிடியாத்தான் துவங்கினவன்.
"அம்மா உங்களைத் திட்டித் தள்ளுறா.
உயிரோட இருக்கிறவன்ர படத்தை வைச்சு
அழுறாளே, விளங்காதவள் எண்டு."
பின்னால மழைக்கு வைப்பர் அடிக்கிற சத்தம்.
"ஆனால் மூண்டு தரம் பாத்திட்டா, அன்ரி.
அந்த இடம் வரேக்க குசினியில இருந்து ஓடி வாறா."

மன்னிப்புக் கேட்டன்.
எந்தக் குரலில கேட்டனோ தெரியாது.

"அதை விடுங்கோ. அந்தப் படத்தைக் குடுத்திடாதேங்கோ,
என்னட்ட அந்த வயசில ஒண்டும் இல்லை,
வன்னியில போட்டது."
சரியெண்டன். சட்டம் அலுமாரிக்கு மேலதான் கிடக்கு.
பேந்து என்ன கேக்கிறதெண்டு தெரியேல்லை.
"சேட்டு என்ன நிறம், தம்பி?"

கொஞ்ச நேரம் வைப்பர் மட்டும்.
"நீலமா இருக்கோணும்" எண்டான்.
"பொறுங்கோ, அம்மாவைக் கேக்கிறன்."