அஞ்சு டக்

ஏழு மாதமாய் என் எண்ணூறை நிறுத்தியது
ஒரு கருங்கல்.
சென்னிமலை ஏற்றத்தில் பெட்ஷீட் இறக்கும்போது
பின்சக்கரத்தடியில்.
மற்ற நேரம் டிக்கியில், சரக்கோடு.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தால்
கை மேலே போகும்,
வண்டி ஈங்கூர் போகும்.

பெருந்துறையில் அயூப்
டிரம்மைத் தட்டித் தட்டிக் கழற்றினான்.
உறைக்குள் துரு. கேபிளில்
அறுந்தது போக ஒன்பது இழை.
எண்ணினேன், தறிக்காரி புத்தி.

"இத நம்பியா வந்தீங்க, அக்கா?"
"கல்ல நம்பி வந்தனுங்."

புதுசைக் கொக்கியில் மாட்டி
நட்டை முறுக்கினான்,
கொஞ்சம் தளர்த்தினான்,
மறுபடி முறுக்கினான்.
"அஞ்சு டக். அதுக்கு மேல இழுக்காதீங்க."

சாயங்காலம் அதே ஏற்றம்.
அஞ்சு டக்.
வண்டி நின்றது.

நானும் நின்றேன்,
கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு,
இறக்கிவிட மனசில்லாமல்.