பாடம்: உடல் உறுப்புகள்

இருபது கொண்டை ஊசியும் ஏறி முடிக்கையில்
சேலத்துப் பேருந்துக்கு மூச்சு வாங்கும்.
அதற்கப்புறம் எனக்கு.
காப்பிச் செடிகளுக்கிடையே இரண்டு மைல்,
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள்,
பிறகு தகரக் கூரை, ஒரு கரும்பலகை,
பதினேழு பிள்ளைகள்.

அதில் ஒருவன் எத்வா.
ஜார்க்கண்டிலிருந்து பழம் பறிக்க வந்தவர்களின் மகன்.
ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் அந்தப் பெயராம்,
எஸ்டேட் ரைட்டர் சொன்னார்.
விடுமுறை நாளின் பெயரை வைத்துக்கொண்டு
ஒருநாள் தவறாமல் வந்தான்.

நாற்பது நாள் அவன் பேசியது ஒரே சொல்:
அம்ம்.
ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொல்வான்.
வெளியே சரிவில் பெண்கள்
இடுப்பில் சாக்குக் கட்டிப் பழம் உருவிக்கொண்டிருப்பார்கள்.
நான் தலையைத் தடவுவேன்.
'அம்மா சாயங்காலம் வந்துருவாங்கடா.'
ஒருமுறை முந்தானையால் முகம் துடைத்துவிட்டேன்.
ஒருமுறை, மறைப்பானேன், எரிச்சலில்
'இங்க எல்லாருக்குந்தான் அம்மா இருக்காங்க' என்றேன்.

கார்த்திகை மழையில் ஓர் ஆங்கில வகுப்பு.
படத்தின்மேல் குச்சி
ஐ, நோஸ், டூத் என்று நகர்கையில்
எத்வா வாய்க்குள் விரலைவிட்டு எதையோ திருகினான்.
உள்ளங்கையில் ரத்தத்தோடு ஒரு பால்பல்.
தூக்கிக் காட்டிச் சொன்னான்:
பல்.

'மிஸ், இவனுக்குத் தமிழ் வந்துடுச்சு!'
கரிராமன் பெஞ்சில் ஏறிக் கத்தினான்.
நானும் நம்பி
எல்லோரையும் கைதட்டச் சொன்னேன்.

சம்பள நாளில் அவன் அப்பா ஜத்ருவைப் பிடித்தேன்.
ரைட்டர் நடுவில் நின்று இந்தியாக்கினார்.
தமிழ் எங்கே படித்தான் உங்கள் பையன்?
ஜத்ரு விழித்தார்.
தமிழா? அது எங்கள் குருக் பாஷையாயிற்றே.
பல் என்றால் பல்.
கண்ணைத் தொட்டு ஒன்று சொன்னார்,
கண்தான், தொண்டையை உரசிக்கொண்டு வந்தது.
என்னைக் காட்டி, நீன்.
மூன்று நாள் ரயிலில் வந்த சொற்கள்
சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள்போல்
வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தன.

'அப்போ, அம்ம்?' என்றேன்.

மேஜைமேலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் காட்டினார்.

ஜன்னலுக்குக் கீழேதான் பானை இருக்கிறது.
தட்டு மூடி, டம்ளர் கவிழ்த்து.
மே ஐ ட்ரிங்க் வாட்டர் மிஸ் என்று
முழுதாகக் கேட்டால்தான் தொடலாம்.
சட்டம் நான் போட்டது.

அன்று மாலை இறங்கும்போது வளைவுகளை எண்ணினேன்.
பதினொன்றில் விட்டுப்போனது.

இந்தத் திங்கள் புதிதாக ஒருத்தி, மைனாவ்.
அஸ்ஸாம் பக்கம். ரைட்டருக்கும் பிடிபடாத பாஷை.
வந்து நின்று ஏதோ சொன்னாள்.
நான் பாய்ந்துபோய் டம்ளரை நிரப்பி நீட்டினேன்.
வேண்டாமென்று தலையசைத்தாள்.
பல்லா? வாயைத் திறந்து காட்டினாள்,
எல்லாம் இருந்தன.
காய்ச்சலா என்று நெற்றியைத் தொடப் போகையில்
எத்வா எழுந்து,
மே ஐ என்றெல்லாம் கேட்காமல்,
அவளைக் கையோடு கூட்டிப்போய்
பின்னாலிருக்கும் கழிப்பறையைக் காட்டிவிட்டு வந்து
தன் இடத்தில் உட்கார்ந்தான்.