வெட்டுவதற்கென ஓர் இடம்

பாயான் லெப்பாஸ், மூன்றாவது மாடி.
சன்னலுக்கு வெளியே ஒரு விமானம்
சக்கரத்தை இறக்கிக்கொண்டு தாழ்கிறது.
என் திரையில் இரண்டு செப்புத் திட்டுகள்,
நடுவே கால் மில்லிமீட்டர் வெறுமை.

இதற்குப் பெயர் ஜேபி மூன்று.
ஈயம் ஒரு சொட்டு விழுந்தால் இரண்டும் ஒன்று.
விழாவிட்டால் அடுக்குமாடியில்
ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு
பேசாதிருக்கும் இரண்டு வீடு.

மருத்துவமனைக் கட்டிலோரம் நிற்கும்
சொட்டுமருந்துக் கருவிக்கான பலகை இது.
ஜேபி மூன்று சேர்ந்திருந்தால்
மருந்து தீரும்போது கருவி கத்தும்.
பிரிந்திருந்தால் சிவப்பு விளக்கு மட்டும்.
"எது வேண்டுமென்று எங்களுக்கே தெரியாது,
இரண்டுக்கும் இடம் வையுங்கள்"
என்று எழுதியிருந்தார்கள் வாங்குகிறவர்கள்.
தெரியாததற்கு இடம் விடத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் பதிப்பில் பிழை என்னுடையது.
பசை தடவும் தகட்டில்
அந்த ஒரு வாசலை மூட மறந்துவிட்டேன்.
பிரிந்து வரவேண்டிய நானூறு பலகையும்
அடுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தன.
புஷ்பராணி அக்கா செப்புப் பின்னலை வைத்து
ஒவ்வொன்றாக ஈயத்தை உறிஞ்சினாள்.
இரண்டு ஷிஃப்ட்.
"இத வரைஞ்சது யாருலா?"

நான்தான் என்று சொல்லக் கீழே போனேன்.
திட்டவில்லை. எதற்கான பலகை என்று கேட்டாள்.
சொன்னேன்.
"எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயும் ஒண்ணு நின்னுச்சு.
ராத்திரி முழுக்கக் கத்தும், சனியன்."
உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"அது கத்துனதாலதான் ஒரு தடவை நான் முழிச்சேன்."
சொல்லிவிட்டு
அடுத்த பலகையின் சத்தத்தையும் உறிஞ்சி எடுத்தாள்.

இரண்டாம் பதிப்பில்
திட்டுகளுக்கு நடுவே மயிரிழையாய் ஒரு தடம் ஓடவிட்டேன்.
சேர்ந்தே பிறக்கட்டும்.
சத்தம் வேண்டாதவர் கத்தி எடுக்கட்டும்,
குனிந்து, கண்ணைச் சுருக்கி,
தன் கையால் அறுக்கட்டும்.
கீழடுக்கில் அந்த இடத்தைக் காலியாக விட்டு
மற்ற தடங்களைச் சுற்றி அனுப்பினேன்.
கத்திக்கு ஆழம் தெரியாது.
ஒரு திட்டை அம்புமுனையாக்கி
இன்னொன்றின் மடியில் பொருத்தினேன்:
அறுத்தவர் மனம் மாறினால்
ஒரே சொட்டில் மறுபடி கூட.
தழும்பு இருக்கும். இருக்கட்டும்.

சரிபார்த்த ஹுய் லிங் புருவத்தை உயர்த்தினாள்.
"திறந்து வைப்பதுதானே நம் வழக்கம்?"
ஈயப் பற்றுக்குப் பற்றாசு என்று
தமிழில் ஒரு பழைய சொல் உண்டு.
அதில் பற்றும் இருக்கிறது, ஆசும் இருக்கிறது.
இதை அவளுக்கு எந்த மொழியில் சொல்ல?
"ஒரு வேலை மிச்சம், செலவு குறையும்," என்றேன்.
பொய்யுமில்லை.
தலையாட்டி ஒப்பமிட்டாள்.

கோப்பை அனுப்பிவிட்டுச் சன்னலோரம் நின்றேன்.
மழை விட்டிருந்தது. ஷிஃப்ட் மாறும் நேரம்,
வாசலில் நூறு மோட்டார் சைக்கிள்.
புஷ்பராணி அக்கா ஹெல்மெட் வாரின் இரு முனைகளையும்
தாடைக்குக் கீழே தேடிப் பிடித்து
ஒன்றில் ஒன்றை அழுத்தினாள்.
அந்தச் சொடக்கு
மூன்றாவது மாடிவரை கேட்காது.