வால் முதலில்

பதினொரு மரப்பெட்டிகள்.
மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏற்றிய லாரி
கோத்தகிரி வந்து சேர ராத்திரி ஒன்பது.
போஜன் முதலில் பிரித்தது இருக்கை இருந்த பெட்டியை.
மூடிய தேயிலை ஆலையின் இலை வாட்டும் மாடியில்
நட்டநடுவே அதைப் போட்டு உட்கார்ந்து
இல்லாத ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.
வாயால் சத்தம் மட்டும் போடவில்லை,
நான் பார்த்துக்கொண்டிருந்ததால்.

வால் முதலில் என்கிறது கூட வந்த புத்தகம்.
சின்னது, தகடு மலிவு,
கெடுப்பதை அங்கேயே கெடுத்துக்கொள் என்று அர்த்தம்.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருஷமாக டிங்கரிங்.
புதுப் பையன் கையில் பானெட்டைக் கொடுக்கமாட்டேன்,
மட்கார்டைக் கொடுப்பேன்.
இந்தத் தகட்டுக்கு நானும் புதுப் பையன்.

உடம்பு முதலில் என்றான் போஜன்.
உட்கார ஒரு குழி வேண்டும்,
அது இருந்தால்தான் மூன்று வருஷம் தாங்குவேன் என்றான்.
பணம் அவனுடையது, கை என்னுடையது.
இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் டீ கொண்டுவந்த மாதி
பெட்டிகளைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள்.
என் டேப்பை எடுத்து நீட்டினாள்:
மூன்றடி பதினொன்று.
"உங்க உடம்பு எவ்வளவு அகலம்?"
போஜன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான்.
பிறகு புத்தகத்தைப் புரட்டினான்.
நாலடி ஒன்று.

ஆனை போய் வால் மாட்டின கதை தெரியும்.
இங்கே வால் போய்விடும்,
ஆனைதான் மாடியிலேயே நிற்கும்.

அதனால் வால் மாடியில்,
உடம்பு கீழே, பேக்கிங் ரூமில்,
அதன் ஷட்டரில் ஒரு காலத்தில் லாரியே பின்னால் வந்து நின்றது.
இறக்கை?
இறக்கையைச் சாய்ப்புக்குக் கீழே வெளியில் வைக்கலாம் என்று
நான்தான் சொன்னேன்.
மறுநாள் விடிகாலை ஒரு காட்டெருமை
அந்தச் சாய்ப்பின் தூணில் நிதானமாக முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.
அதற்கு அவசரமில்லை. கண் மூடியிருந்தது.
தூண் வளைந்தது.
இறக்கை கடைசி.

ஐப்பசியில் இங்கே பிரைமர் காயாது.
ஒட்டுப்பசை நாலாம் நாளும்
பலாப்பிசின் மாதிரி விரலோடு வரும்.
ஆகவே மழையில் ஆணி, வெயிலில் பூச்சு,
எண்ணெய்த் தொட்டியைப் பங்குனிக்கு முன் தொடுவதில்லை.
புத்தகம் எழுதியவர் ஊரில் மூடுபனி இல்லை போலும்.
பக்கம் நாற்பதையும் தொண்ணூறையும் மாற்றி
பென்சிலால் அம்புக்குறி போட்டோம்.
அம்புக்குறிக்கு மேல் அம்புக்குறி,
கோழி கிளறிய மண்ணாகிவிட்டது அந்தப் பக்கம்.

ரிவெட்டுக்கு இரண்டு ஆள் வேண்டும்.
வெளியே துப்பாக்கியோடு போஜன்,
உள்ளே இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்தபடி நான்.
அவன் ஒவ்வொரு தகடாக மூட மூட
என் முழங்கைக்கு இடம் குறைந்தது.
மேல் தகட்டுக்கு வந்தபோது நிறுத்தச் சொன்னேன்.
கை நுழையாத இடத்தை முதலில் முடி,
நுழையும் இடத்தைக் கடைசியில் மூடு.
எந்த வரிசையும் இவ்வளவுதான் என்று தோன்றியது,
உள்ளே இருட்டாக இருந்ததால் தோன்றியிருக்கலாம்.

இஞ்சினுக்கு இன்னும் பணம் கட்டவில்லை.
வாங்கிய நாளிலிருந்து அதற்கு வயசு எண்ண ஆரம்பிப்பார்கள்.
ஆகவே எல்லாவற்றுக்கும் பின்னால் என்று எழுதினோம்.
போஜனுக்குத் தையில் அறுபத்தொன்று.
அதை எந்தப் பக்கத்தில் வைப்பதென்று
அவனும் கேட்கவில்லை, நானும் பென்சிலை நீட்டவில்லை.

பறப்பது இந்த மலையில் இல்லை.
எல்லாம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி
வளைவு வளைவாக இறக்கி
கீழே ஒரு சமதரையில் மறுபடி பூட்ட வேண்டும்.
அதற்கு வேறு வரிசை. அப்போது பார்க்கலாம்.

இருக்கையை ஆணியடித்து மூடச் சொன்னேன்.
மூடவில்லை.
சாயங்காலம் அதில் உட்கார்ந்து டீ குடிக்கிறான்,
முகம் வாலைப் பார்த்து.

நாளைக்கு இடது சுக்கான்.
ஏழாம் துளை அகலமாகிவிட்டது.
அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்.